பரணும் கப்பியும்: என் தவறிலிருந்து ஒரு சிறு வரலாறு



சென்ற அக்டோபரில், கொலு முடிந்த மறு ஞாயிறு மாலை, கார் நிறுத்துமிடத்தில் பெரிய சத்தம் ஒன்று கேட்டதே, நினைவிருக்கிறதா? பி பிளாக்கில் பலர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தீர்கள். "டிரங்குப் பெட்டி விழுந்துவிட்டது, ஒன்றுமில்லை" என்று கீழேயிருந்து கையசைத்தவன் நான்தான். அன்று நான் சொன்னது உண்மையல்ல. நடந்ததை இந்த இதழில் எழுதிவிட்டால் என் மனமும் ஆறும், உங்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் கார் நிறுத்துமிடப் பரண்கள் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு முன் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

என் காருக்கு முன்னால் உள்ள சுவரில், ஏழடி உயரத்தில், ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிளும் பிளைவுட் பலகையும் வைத்து ஒரு பரண் அமைத்திருந்தேன். முழங்கால் வலியால் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏணி ஏற முடியாது. அதனால் சைக்கிளைத் தொங்கவிட விற்கும் கப்பி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, இரவல் டிரில்லிங் மெஷினால் மேல்தளத்தில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, கொக்கியை மாட்டினேன். அன்று கொலு பொம்மைப் பெட்டியை மேலே இழுத்தேன். பரண் உயரத்துக்கு வந்ததும் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, உள்ளே தள்ள வசதியாக ஒரு ஸ்டூல் எடுத்துவரப் போனேன். லிஃப்ட் வாசலை அடைவதற்குள் கொக்கி பிளக்கோடு பெயர்ந்து, பெட்டி தரையில் விழுந்தது.

வாட்ச்மேனின் மகள் மாலையில் அந்தத் தூணடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கேதான் டியூப் லைட் வெளிச்சம் நன்றாக விழும். பெட்டி விழுவதற்குச் சற்று முன்புதான் அவள் அம்மா டீ குடிக்கக் கூப்பிட்டு, எழுந்து போயிருக்கிறாள். நான் பெட்டியை நிமிர்த்தியபோது அடியில் அவளுடைய கணக்கு நோட்டு கிடந்தது. பெட்டியின் இரும்பு மூலை அட்டையைத் துளைத்து உள்ளே பல பக்கங்கள் வரை இறங்கியிருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் வங்கியில் பிறர் பணத்துக்கு ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதியவன், ஒரு கொக்கியின் கணக்கை எப்படித் தவறவிட்டேன்? அந்தக் கேள்வியோடுதான் பரணின் வரலாற்றையும் கப்பியின் வரலாற்றையும் படிக்கத் தொடங்கினேன்.

மேலே வைக்கும் பழக்கம்

பொருளை உயரத்தில் வைப்பது நமக்குப் புதிதல்ல. கண்ணன் கதையில் வெண்ணெய் இருந்த இடம் எது? உறி. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாதபடி விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட பானை. கிருஷ்ண ஜெயந்தி உறியடியில் பானையை மேலும் கீழும் இழுத்து விளையாட்டுக் காட்டுகிறார்களே, அதுவும் ஒரு கயிறும் கப்பியும்தான். தினைப்புனத்தில் கிளி விரட்ட உயரமாகக் கட்டிய மேடைக்கும் பரண் என்றே பெயர். வள்ளி கதை கேட்ட எவருக்கும் அது தெரியும்.

ஓட்டு வீடுகளில் சமையலறைக்கு மேலே மரச்சட்டம் போட்ட பரண் இருந்தது. பித்தளை அண்டா, மனைப்பலகை, விதை நெல், பழைய ஏடுகள் எல்லாம் அங்கே இருக்கும். அடுப்புப் புகை மேலே போவதால் பூச்சி அண்டாது. உ.வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகப் போய்ச் சுவடி தேடிய கதை நமக்குத் தெரியும். அப்படி வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த ஏடுகளிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அதே போன்ற வீடுகளில் கரையான் அரித்துப் போன ஏடுகளும் உண்டு. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் உண்டு. மேலே என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான் பரண் பொருளைக் காப்பாற்றும்.

மரச்சட்டம் போய்க் கான்கிரீட் வந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அமைந்து, சென்னையில் அடுக்குக் குடியிருப்புகள் பெருகின. சமையலறையிலும் படுக்கையறையிலும் கதவு உயரத்துக்கு மேலே சுவரோடு சேர்த்து வார்த்த பலகைக்கு 'லாஃப்ட்' என்று பெயர் வந்தது. கம்பி கட்டி வார்ப்பது என்பதால் இதற்குப் பொறியாளரின் வரைபடம் உண்டு. நான் போட்ட பரணுக்கு அது கிடையாது.

எனக்கு ஏன் பரண் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் நாங்கள் அடையாற்றங்கரைக்கு அருகே தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்ட இரவில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த என் அப்பாவின் கடிதங்களும் எங்கள் கல்யாண ஆல்பமும் கூழாகிப் போயின. லாஃப்டில் இருந்த மதிப்பெண் சான்றிதழ்களும் கொலு பொம்மைகளும் மிஞ்சின. அன்றிலிருந்து எதையும் தரையில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. உங்களில் சிலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் பரண் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

மேலே ஏற்றும் வித்தை

பரண் உயர உயர, பொருளை ஏற்றுவது சிரமமாகிறது. அங்கேதான் கப்பி வருகிறது.

கிணற்று ராட்டினம் இல்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. வயல் கிணறுகளில் கவலை இருந்தது. தெற்கே அதைக் கமலை என்பார்கள். கிணற்று மேட்டில் நட்ட மரத்தில் பெரிய உருளை. அதன்மேல் வடக்கயிறு, அதன் நுனியில் சால். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். ஓட்டுகிறவர் கயிற்றின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். சாலுக்கு வால்கயிறு என்று இன்னொரு கயிறு தனியாக உண்டு. மேலே வந்ததும் தண்ணீர் தொட்டியில் கொட்டும், மாடுகள் பின்னோக்கி நடக்கும், சால் இறங்கும். இந்த முறையில் ஒன்றைக் கவனியுங்கள்: பாரம் மேலே இருக்கும்போது கயிற்றை விட்டுவிட்டு யாரும் ஸ்டூல் எடுக்கப் போவதில்லை.

மேல்நாட்டில் கப்பியின் கதை ஆர்க்கிமிடீஸிடம் போகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரில், பல கப்பிகளைக் கோத்து ஒரு கப்பலையே தனி ஆளாக அவர் இழுத்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

கப்பியும் பரணும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதைப் பார்க்க வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வேண்டும். கால்வாய் ஓரத்து வணிகர் வீடுகள் குறுகலானவை, படிக்கட்டுகளோ அதைவிடக் குறுகல். அதனால் முகப்பின் உச்சியில் ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒரு கொக்கி. படகில் வந்த மூட்டையைக் கயிறு கட்டித் தெருவிலிருந்தே மேல்தளப் பரணுக்கு ஏற்றிவிடுவார்கள். மூட்டை சுவரில் உரசாமல் இருக்கப் பல வீடுகளின் முகப்பையே சற்று முன்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். இன்றும் அங்கே வீடு மாறும்போது பீரோவும் சோபாவும் ஜன்னல் வழியாக ஏறுவது உண்டு. நமக்கும் அந்தப் பரண்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த டச்சுக்காரர்கள்தான் 1613-இல் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை அமைத்தார்கள். சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பலேற்றி விற்பது அவர்கள் தொழில்.

அந்த வீடுகளில் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூச்சில் அல்ல, கூரையைத் தாங்கும் சட்டத்தோடு பிணைந்த உத்திரத்தில் இருக்கிறது. வீடு கட்டும்போதே கொக்கிக்கும் இடம் ஒதுக்கினார்கள். நான் வீடு வாங்கி ஆறு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு காலை கொக்கி அடித்தேன்.

கொக்கியின் இரட்டைப் பதிவு

பி.காம். படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை மனப்பாடம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. 1494-இல் லூகா பாசியோலி அச்சிட்ட நூல் முதல் நம் சங்கத்தின் வரவுசெலவு வரை அதே விதிதான். கப்பிக்கும் அது பொருந்தும் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

விழுந்த பெட்டியைப் பிறகு எடை போட்டேன், 41 கிலோ. கொக்கி 41 கிலோவைத்தான் தாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே நிலையாக மாட்டிய ஒற்றைக் கப்பியில் அப்படி இல்லை. கயிற்றின் ஒரு பக்கம் பெட்டி 41 கிலோவாகக் கீழே இழுக்கிறது. அது இறங்காமல் இருக்க மறுபக்கமும் அதே அளவு கீழே இழுத்தாக வேண்டும், அது என் கையானாலும் தூணில் போட்ட முடிச்சானாலும். இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கொக்கி. ஆக ஏறக்குறைய 80 கிலோ. ஒரு பதிவை எழுதிவிட்டு எதிர்ப் பதிவை மறந்துவிட்டேன்.

கப்பி எடையைக் குறைக்காதா என்று கேட்பீர்கள். ஒற்றை நிலைக் கப்பி குறைப்பதில்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. பாரத்தோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பி இருந்தால் பாதி பலம் போதும், ஆனால் இரண்டு மடங்கு நீளம் கயிறு இழுக்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததை நீளத்தில் கொடுத்தாக வேண்டும். இலவசம் என்று எதுவும் கிடையாது.

பிடித்து நிறுத்தியவர்

தூக்குவதைவிட, தூக்கியதைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய வேலை. அதைத் தீர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எலைஷா ஓட்டிஸ். 1852-இல் நியூயார்க் அருகே யாங்கர்ஸ் என்ற ஊரில் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இயந்திரங்களையும் சரக்கையும் மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நம் பிரச்சினையேதான்! கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று யோசித்து, மேடையின் தலையில் வண்டி வில் ஒன்றைப் பொருத்தினார். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை வில் வளைந்திருக்கும். கயிறு அறுந்தால் வில் நிமிர்ந்து, இருபக்கத் தண்டவாளங்களின் பற்களில் மாட்டிக்கொள்ளும். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில், கூட்டத்துக்கு மேலே தானே மேடையில் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. 1857-இல் நியூயார்க்கின் ஐந்து மாடிக் கடை ஒன்றில் அவர் நிறுவனத்தின் முதல் பயணிகள் லிஃப்ட் ஓடியது.

நீங்களும் நானும் தினமும் கவலையில்லாமல் லிஃப்டில் ஏறுவதற்குக் காரணம் கம்பி வலுவாக இருப்பது மட்டுமல்ல. கம்பி அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவர் யோசித்து வைத்ததும் காரணம். என் கப்பியில் அப்படி ஒரு தடுப்பு இல்லை.

இதைக் கற்றுக்கொள்ள நான் அமெரிக்கா வரை போயிருக்கவே வேண்டாம். நம் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறைகளில் 'செயின் பிளாக்' பார்த்திருப்பீர்கள். சங்கிலியை விட்டாலும் பாரம் அப்படியே நிற்கும். எத்தனை டன் என்று உடம்பிலேயே எழுதியிருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 28-ஆம் பிரிவில், ஹாய்ஸ்ட்டையும் லிஃப்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்றது. 29-ஆம் பிரிவில், பாரம் தூக்கும் மற்ற இயந்திரங்கள், சங்கிலி, கயிறு ஆகியவற்றை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொன்னது. அந்தச் சட்டம் தொழிற்சாலைக்குத்தான், நம் கார் நிறுத்துமிடத்துக்கு அல்ல. ஆனாலும் பயிற்சி பெற்ற தொழிலாளி வேலை செய்யும் இடத்துக்கே இவ்வளவு என்றால், குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

அது யாருடைய கூரை?

இன்னொரு கேள்வியும் உண்டு. "என் கார் பார்க்கிங், என் இஷ்டம்" என்று நானே ஒருமுறை செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கேரேஜ் என்றால் என்ன என்று சொல்கிறது: கூரையும், மூன்று பக்கம் சுவரும் உள்ள வாகன நிறுத்துமிடம். நம்முடையது தூண்களுக்கு நடுவே, பல கார்கள் வரிசையாக நிற்கும் இடம். எனக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு சுவர். 2010-இல் உச்ச நீதிமன்றம், மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில், மகாராஷ்டிரச் சட்டத்தின்படி தூண்தள நிறுத்துமிடம் கேரேஜ் ஆகாது, அது எல்லோருக்கும் பொதுவான பகுதி என்று தீர்ப்பளித்தது. நம் பத்திரங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சங்க வழக்கறிஞர் பொதுக்குழுவில் விளக்குவார். ஆனால் நான் துளை போட்ட மேல்தளம் முதல் மாடிக்காரரின் தரை. கயிறு கட்டிய தூண் ஐந்து மாடியையும் சுமப்பது. அதன் அடியில் வெளிச்சத்துக்காக உட்காரும் குழந்தை என் அனுமதி கேட்டுவிட்டு உட்கார வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

பொதுக்குழுவுக்கு என் யோசனைகள்

என் பரணையும் கொக்கியையும் அந்த வாரமே எடுத்துவிட்டேன். துளையை என் செலவில் அடைத்தாகிவிட்டது. நம் நிறுத்துமிடத்தில் இன்னும் நான்கு பரண்களும் இரண்டு சைக்கிள் கப்பிகளும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் என் நண்பர்கள்தான், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். தலைக்கு மேலே தொங்கும் எதுவும் பொதுநடையில் வேண்டாம். அதற்குப் பதிலாக, பயன்படாமல் கிடக்கும் பழைய ஜெனரேட்டர் அறையைப் பொதுச் சாமான் அறையாக்கலாம். சுவரோடு முறையாகப் பிணைத்த இரும்பு அடுக்குகள், கீழ்த்தட்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கனமானவை கீழே, லேசானவை மேலே. வெள்ளத்துக்கும் பயமில்லை, முழங்காலுக்கும் வேலையில்லை. பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். பதிவேடு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பதிவேடு எதற்கு? வங்கியில் பழைய பேரேடுகள் அறை நிறைய இருக்கும். 1985-இல் வந்த விதிகளின்படி சிலவற்றை 5 ஆண்டும், சிலவற்றை 8 ஆண்டும் பாதுகாக்க வேண்டும். எங்கள் கிளையில் ஒவ்வொரு கட்டிலும் எண்ணும் அழிக்கும் தேதியும் எழுதியிருக்கும். நம் பரண்களில் அழிக்கும் தேதி என்று எதுவும் கிடையாது. என் பரணை இறக்கியபோது ஓடாத மிக்ஸி இரண்டு, பழைய டி.வி.யின் காலி அட்டைப்பெட்டி, எதற்கென்றே தெரியாத ஒரு சாவிக்கொத்து ஆகியவை கிடைத்தன. இவற்றைக் காப்பாற்றவா ஒரு குழந்தையின் தலைக்கு மேல் பாரம் ஏற்றினேன்?

நம் ஊரில் பிறந்த திருமழிசை ஆழ்வாரின் கதை உங்களுக்குத் தெரியும். சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னபோது, ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாப் பெருமாளிடம் போய், உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நீயும் கிளம்பு என்றாராம். பெருமாளும் சுருட்டிக்கொண்டு கிளம்பினாராம். மன்னன் மன்னிப்புக் கேட்ட பிறகு திரும்பி வந்து பாயை விரித்துக்கொண்டார் என்பார்கள். பெருமாளுக்கே ஒரு பாய்தான் இருந்தது போலிருக்கிறது. நம் வீட்டைக் காலி செய்ய எத்தனை லாரி வேண்டும்?

அந்தக் குழந்தைக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அழிந்துபோன கணக்குகளை இருவரும் உட்கார்ந்து மீண்டும் போட்டோம், இப்போது தினமும் மாலை எங்கள் வீட்டு மேஜையில்தான் எழுதுகிறாள். பழைய நோட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பொதுக்குழுவுக்கு அதை எடுத்துவருகிறேன், ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்